இந்தப் பாறைக்குத் தங்கம் எப்போது வந்தது?

நிலத்தைத் துளையிட்டு எடுத்த உருளைப் பாறைத் துண்டான கோரைப் பார்த்துக் குறிப்பெழுதுவதும், மற்றவர்கள் எழுதிய தங்கத் தேடல் அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்வதும்தான் என் பிழைப்பு. அந்த அறிக்கைகளில் 'படிவுப்பாறைத் தங்கம்' என்ற தலைப்பைப் பார்த்தால் உடனே அடுத்த பக்கத்துக்குப் போய்விட மாட்டேன். தங்கம் எந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அந்தப் பெயர் சொல்கிறது. எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது, அடுத்த துளையை எந்தப் பக்கம் சாய்த்துப் போடுவது என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட், நெவாடாவின் கார்லின், சைபீரியாவின் சுகோய் லோக், ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ. நான்கிலும் தங்கத்தைத் தாங்கி நிற்பது படிவுப்பாறைதான். ஆனால் ஒன்றில் கற்றதை அப்படியே கொண்டுபோய் இன்னொன்றில் துளை போட்டால் பணமும் காலமும் வீண். கார்லினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அடையாளம் காணப்பட்டது 1961இல். சுகோய் லோக்கும் அதே ஆண்டுதான். இரண்டிலும் கரிமம் கலந்த கறுத்த பாறை, இரண்டிலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், இரண்டிலும் ஆர்சனிக். தூரத்திலிருந்து பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும். கிட்டப் போனால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வகை பிரிக்கப் பலர் பல அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள். தாங்கும் பாறை, உடன் வரும் தனிமங்கள், திரவத்தின் வெப்பம், பக்கத்தில் மாக்மா ஊடுருவல் இருக்கிறதா இல்லையா என்று நீளமான அட்டவணைகள் உண்டு. எல்லாம் தேவைதான். ஆனால் கோர் பெட்டியின் முன் நிற்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இந்தப் பாறைக்குத் தங்கம் எப்போது வந்தது? மணலோடு வந்ததா, சேறு இறுகும்போது வந்ததா, மலை மடியும்போது வந்ததா, எல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்து வந்ததா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற அட்டவணைகள் பெரும்பாலும் தானாக நிரம்பிவிடும். அதைவிட முக்கியம், அடுத்த துளைக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

மணலோடு வந்த தங்கத்துக்கு விட்வாட்டர்ஸ்ராண்ட்தான் பெரிய சாட்சி. அங்கே 1886இல் தங்கம் தெரியவந்தது. சுமார் 290 முதல் 280 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல் அடுக்குகள். சுரங்கக்காரர்கள் அவற்றை ரீஃப் என்பார்கள். கூழாங்கற்களுக்கு நடுவே உருண்டு தேய்ந்த பைரைட் மணிகளும் யுரேனியக் கனிமமான யுரேனினைட்டும் கிடக்கின்றன. காற்றில் இன்றைக்கு இருக்கும் அளவு ஆக்சிஜன் அன்று இருந்திருந்தால் இவை ஆற்றில் வரும் வழியிலேயே சிதைந்து போயிருக்கும். கானாவின் டார்க்வாவில் உள்ள கூழாங்கல் பாறை சுமார் 210 கோடி ஆண்டு பழையது. காற்றில் ஆக்சிஜன் ஏறிய பிறகு படிந்தது. அங்கே பைரைட் மணிகளின் இடத்தில் இரும்பு ஆக்சைடான ஹெமடைட் இருக்கிறது. விட்வாட்டர்ஸ்ராண்டின் தங்கத் துகள்களையே ரீனியம்–ஆஸ்மியம் முறையில் காலம் கணித்தபோது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு என்று வந்தது. அதாவது தாங்கும் பாறையைவிடத் தங்கம் மூத்தது. பின்னால் வந்த வெந்நீர் அதில் ஒரு பகுதியைக் கரைத்து இடம் மாற்றியிருக்கிறது என்பதும் உண்மை. எவ்வளவு மாற்றியது என்ற சண்டை பல தலைமுறையாக நடக்கிறது. துளை போடுகிறவருக்கு அந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பழைய ஆற்றின் போக்கையும், அடுக்குகளுக்கு இடையே உள்ள அரிப்புத் தளங்களையும் பின்தொடர்ந்தால் போதும்.

அடுத்தது சேறு. ஆக்சிஜன் எட்டாத கடலடியில், கரிமம் நிறைந்த சேற்றுக்குள் நுண்ணிய பைரைட் வளர்கிறது. கடல்நீரில் சொற்பமாக இருக்கும் தங்கமும் ஆர்சனிக்கும் அதற்குள் மாட்டிக்கொள்கின்றன. டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் ராஸ் லார்ஜும் அவருடன் வேலை செய்தவர்களும் பைரைட் மணிகளை லேசரால் வரிவரியாகச் சுரண்டி அளந்து இதைக் காட்டினார்கள். சுகோய் லோக்கில் அவர்கள் பார்த்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. ஆரம்பத்தில், சேற்றிலேயே பிறந்த பைரைட்டில் தங்கம் கண்ணுக்குத் தெரியாமல் படிகத்துக்குள்ளேயே கலந்திருக்கிறது. பாறை சூடாகி மடிந்தபோது அந்தப் பைரைட் மறுபடியும் படிகமாகிச் சுத்தமாகிறது. வெளியே தள்ளப்பட்ட தங்கம் தனித் துகளாகப் பைரைட்டின் விரிசல்களிலும் பொதிவுகளிலும் வந்து உட்காருகிறது. அதாவது அங்கே 'எப்போது' என்ற கேள்விக்கு ஒரே தேதி பதிலாகாது. முதல் கட்டம் சரக்கைச் சேர்த்து வைத்தது, இரண்டாம் கட்டம் அதை எடுக்கத்தக்கதாக்கியது. முதல் கட்டம் மட்டும் நடந்த கறுப்பு ஷேல், அதாவது இறுகிய சேற்றுப் பாறை, உலகத்தில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை சுரங்கமாவதில்லை.

மலை மடியும்போது வந்த தங்கத்தைப் பார்க்க பெண்டிகோவுக்குப் போக வேண்டும். ஆர்டோவிசியன் காலத்து மணற்கல்லும் ஷேலும் மாறி மாறி அடுக்கப்பட்டு, அக்கார்டியன் போல நெருக்கமாக மடிந்திருக்கின்றன. மேல்நோக்கி வளைந்த மடிப்புகளின் முகட்டில் குவார்ட்ஸ் சேணம் போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். ஒரு சேணத்துக்குக் கீழே, அதே அச்சில், இன்னொன்று. அங்கே வகை தெரிந்தவர் முகட்டுக் கோட்டை விட்டு நகரமாட்டார்.

கார்லின் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. தாங்கும் பாறை சிலூரியன், டெவோனியன் காலத்து வண்டல் கலந்த சுண்ணாம்புக்கல். தங்கம் வந்தது 4.2 முதல் 3.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இடையில் முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாறை சும்மா கிடந்தது என்று சொல்ல முடியாது. அதன் தலைமேல் ஒரு பெரிய தள்ளுப் பிளவு இன்னொரு பாறைக் கூட்டத்தையே ஏற்றி வைத்தது. ராபர்ட்ஸ் மவுண்டன்ஸ் தள்ளுப் பிளவு என்று பெயர். மேலே ஏறிய பாறை திரவத்தை எளிதில் விடாது. கீழே உள்ள சுண்ணாம்புப் பாறை அமிலத் திரவத்தில் கரையும். எங்கெல்லாம் அரிப்பு மேல்தட்டைத் தின்று, ஜன்னல் திறந்ததுபோல் கீழ்ப்பாறையைக் காட்டுகிறதோ, அங்கெல்லாம் கனிமப் பகுதிகள் வரிசையாக இருக்கின்றன என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் ரால்ஃப் ராபர்ட்ஸ் 1960இல் எழுதினார். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு நியூமான்ட் நிறுவனத்தின் ஜான் லிவர்மோரும் ஆலன் கூப்பும் தேடிப்போனார்கள். அங்கே மண்ணைத் தட்டில் போட்டு அலசினாலும் கண்ணுக்குத் தங்கம் அகப்படாது, அவ்வளவு நுண்ணியது. பாறையை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் மட்டுமே தெரியும். 1965இல் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது.

சரி, கோரில் இதையெல்லாம் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் அதிகம் நம்புவது இரண்டைத்தான்: கால்சைட் போன்ற கார்பனேட் கனிமங்களுக்கு என்ன ஆனது, பைரைட் எப்படி இருக்கிறது.

போன பருவத்தில் என்னோடு வேலை செய்த இளம் நிலவியலாளர் ஒருவர் ஒரு பெட்டியைக் காட்டி, "மேடம், ஆசிட் விட்டா நுரைக்கவே மாட்டேங்குது. கால்சைட் எல்லாம் கரைஞ்சு போயிருக்கு. கார்லின்தானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கார்லின் வகையில் திரவம் லேசான அமிலத்தன்மை கொண்டது, வெப்பம் பெரும்பாலும் 180 முதல் 240 டிகிரி செல்சியஸ். அது சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட்டைத் தின்றுவிட்டுப் போகும். ஆகவே நுரைக்காத பாறை ஒரு நல்ல அறிகுறி. ஆனால் நுரைக்காமல் இருக்க வேறு காரணமும் உண்டு. மடிப்புக் காலத்தில் வந்த திரவம் கார்பன் டை ஆக்சைடு நிறைந்தது. அது கார்பனேட்டை எடுத்துக்கொண்டு போகாது, கொண்டுவந்து சேர்க்கும். சேர்ப்பதோ இரும்பு கலந்த அங்கெரைட், சிடெரைட். இவையும் குளிர்ந்த நீர்த்த அமிலத்துக்கு அசைந்து கொடுக்காது. ஒன்றில் கார்பனேட் போய்விட்டது, இன்னொன்றில் கூடுதலாக வந்திருக்கிறது. அமிலச் சொட்டு இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

"கையில எடுத்துப் பாருங்க" என்றேன். கால்சைட் இழந்த பாறை அதே அளவுள்ள பக்கத்துத் துண்டைவிட லேசாக இருக்கும். விரலால் தேய்த்தால் கரி ஒட்டும், சில இடங்களில் பொடிந்து போகும், உட்சரிந்து நொறுங்கிய துண்டுகளாக இருக்கும். அல்லது நேர்மாறாக, சிலிக்கா உள்ளே புகுந்து ஜாஸ்பெராய்டாக மாறி, கத்தி கூடக் கீறாத அளவுக்கு இறுகியிருக்கும். அவர் எடுத்த துண்டு கனமாக இருந்தது. கத்தியால் கீறி, அந்தப் பொடியின் மேல் அமிலம் விட்டதும் மெதுவாக நுரைத்தது. வெட்டிய முகத்தில் சாயம் ஏற்றினோம். அலிசரின் சிவப்பும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் நீர்த்த அமிலத்தில் கலந்த அந்தச் சாயத்தில் சாதாரணக் கால்சைட் சிவக்கும், இரும்பில்லாத டோலமைட் நிறம் ஏறாது, இரும்பு கலந்த டோலமைட் வகை (அங்கெரைட்டும் இதில் சேர்த்தி) நீலப்பச்சையாக மாறும். நிமிஷக் கணக்கில் அந்தக் கறுப்பு ஷேல் முழுக்க நீலப்பச்சைப் புள்ளிகள் எழுந்து வந்தன, மடிப்பின் தளத்தை வெட்டிக்கொண்டு. திரவம் எடுத்துப் போகவில்லை, கொண்டுவந்து வைத்திருக்கிறது. அதுவும் பாறை மடிந்துகொண்டிருந்தபோதோ அதன் பின்னோ. அதன் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் மடிப்பின் முகடு எந்தத் திசையில் சாய்கிறது என்பதைப் பற்றித்தான்.

பைரைட் இன்னும் அதிகம் பேசும், ஆனால் அதைக் கேட்க நுண்ணோக்கி வேண்டும். சேற்றில் பிறந்த பைரைட் நுண்ணிய மணிகள் திரண்ட கொத்துகளாக இருக்கும். மடிப்புக் காலத்துப் பைரைட் பெரிய, நேரான முகங்களுள்ள கட்டிகள். அழுத்தத்துக்கு ஒதுங்கிய இரு பக்கங்களிலும் குவார்ட்ஸ் நார்கள் தாடிபோல் வளர்ந்திருக்கும், பக்கத்திலேயே ஆர்சனிக் கலந்த கனிமமான ஆர்சனோபைரைட்டின் ஊசிகள் தென்படும். கார்லின் பைரைட்டோ அழகே இல்லாதது. ஏற்கெனவே பாறையில் இருந்த பழைய மணியைச் சுற்றி, சில மைக்ரான் தடிமனுள்ள ஒரு தோல். அந்தத் தோலில்தான் ஆர்சனிக், தாலியம், பாதரசம், ஆன்டிமனி, தங்கம் எல்லாம். பாறையில் இருந்த இரும்பைத் திரவத்தின் கந்தகம் பிடித்துப் பைரைட்டாக்கும்போது, கந்தகத்தோடு சேர்ந்து கரைந்திருந்த தங்கம் நிலைகொள்ள முடியாமல் அங்கேயே இறங்கிவிடுகிறது. இரும்பில்லாத தூய சுண்ணாம்புக்கல்லில் ஏன் தங்கம் குறைவு என்பதற்கும் இதுவே விளக்கம். மணியை வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பின்சிதறல் படம் எடுத்தால் ஆர்சனிக் உள்ள தோல் வெளிச்சமாகத் தெரியும். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எழுந்த மகிழ்ச்சி இன்னும் எனக்குக் குறையவில்லை.

பைரைட்டுக்குள் தங்கம் கலந்தே இருக்கிறதா, நுண்துகளாக இருக்கிறதா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மார்ட்டின் ரைக்கும் அவருடைய குழுவும் 2005இல் வெளியிட்ட எல்லைக்கோடு: அணு எண்ணிக்கையில் தங்கம் ஆர்சனிக்கின் சுமார் 0.02 மடங்கைத் தாண்டினால், மிச்சம் நானோ துகளாகப் பிரிந்துவிடும். இது வெறும் அறிவு ஆர்வத்துக்கு அல்ல. படிகத்துக்குள் பூட்டப்பட்ட தங்கத்தை, தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு தொட முடியாது. அந்தத் தாதுவை முதலில் வறுக்கவோ, உயர் அழுத்தக் கலத்தில் ஆக்சிஜனேற்றவோ வேண்டும். அதனால் ஒரே மாதிரியை முழுத் தங்கத்தையும் உருக்கி அளக்கும் நெருப்பு அஸே ஒருமுறை, சயனைடு கரைப்பு ஒருமுறை என்று இரண்டு வழியிலும் அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத் துளை முழுக்க வரைந்து பார்ப்பேன். விகிதம் விழும் இடத்தில் தங்கம் பூட்டப்பட்டிருக்கிறது, அல்லது பாறையிலுள்ள கரிமம் கரைந்த தங்கத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டில் எது என்று பிரித்தறிய, தங்கம் கலந்த சயனைடு கரைசலை மாதிரியில் ஊற்றி, எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

மாக்மாவின் கையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒரு ஊடுருவலின் விளிம்பில், அதிலிருந்து தள்ளி, சுண்ணாம்புக்கல்லில் பரவிய தங்கமும் உண்டு. பார்க்க கார்லின் போலவே இருக்கும். வெள்ளிதான் காட்டிக்கொடுக்கும். கார்லினில் வெள்ளி தங்கத்தைவிடக் குறைவு, ஈயம், துத்தநாகம், செம்பு எல்லாம் மிகச் சொற்பம். ஊடுருவலின் விளிம்பில் வெள்ளி பல மடங்கு ஏறும், ஈயமும் துத்தநாகமும் கூடவே வரும். நெவாடாவிலேயே மெக்காய் என்ற தங்க ஸ்கார்னும் (மாக்மாவின் சூட்டில் உருமாறிய சுண்ணாம்புப் பாறை), அதற்கு அருகில் வெள்ளி நிறைந்த கோவ் என்ற படிவமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் அடுத்த துளை ஊடுருவலை நோக்கிப் போகலாம். சூடான பக்கத்தில் வேறு உலோகங்கள் காத்திருக்கக்கூடும். கார்லின் திரவத்துக்கே மாக்மாதான் மூலம் என்று ஜான் முன்டீனும் உடன் எழுதியவர்களும் 2011இல் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் வலுவாகத் தெரிகிறது. இருந்தாலும் மூலத்தை வைத்து வகை பிரிப்பதை நான் விரும்புவதில்லை. மூலம் கோரில் தெரிவதில்லை. கால்சைட் போனதும் பைரைட்டின் தோலும் தெரிகின்றன.

வேலியின் மேல் உட்கார்ந்திருக்கும் இடங்களும் உண்டு. சீனாவின் குய்சோ மாகாணத்தில் ஷுய்யின்டோங், லான்னிகோ போன்றவை கார்லின் என்றே அழைக்கப்படுகின்றன. ஆர்சனிக் பைரைட், கண்ணுக்குத் தெரியாத தங்கம், கால்சைட் கரைந்த தடம் எல்லாம் சரிதான். ஆனால் அங்கே ஆர்சனோபைரைட்டும் நிறைய, திரவத்தில் கார்பன் டை ஆக்சைடும் கூடுதல். ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்டர்வில் இன்னொரு விதம்: ஒரு பகுதியில் ஷேலில் பரவிய ஆர்சனோபைரைட்டுக்குள் மறைந்த தங்கம், ஆழத்தில் அதே அமைப்பில் ஆன்டிமனித் தாதுவான ஸ்டிப்னைட்டோடு கண்ணால் பார்க்கத்தக்க தங்கம். மேல்பகுதியின் தனிமப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் ஆர்சனிக், ஆன்டிமனி என்றதும் கார்லின் என்று எழுதிவிடலாம். மடிப்பையும் பிளவையும் பார்ப்பவர் அப்படி எழுதமாட்டார். இத்தகைய இடங்களை ஒரு பெட்டிக்குள் அடைத்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குறிப்பேட்டில் இரண்டு வகையையும் எழுதி, எந்தக் கவனிப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பதிவு செய்வேன்.

இதில் ஆய்வகத்துக்கும் பங்கு உண்டு. நான்கு அமிலங்களில் முழுவதுமாகக் கரைத்தால் அலுமினியம், டைட்டானியம் எல்லாம் சரியாக வரும், தாங்கும் பாறை எது என்று தெரியும். ஆனால் அந்தச் சூட்டில் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் கொஞ்சம் குறையலாம். எனவே பாதரசத்துக்கு ராஜதிராவகத்தில் தனியாக அளக்கச் சொல்ல வேண்டும். நான்கு அமில முடிவை மட்டும் வைத்துக்கொண்டு 'பாதரசம் இல்லை, ஆகவே கார்லின் இல்லை' என்று எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும். யாரோ ஒருவர் அந்த நிலத்தை அந்த வரியை நம்பி விட்டுவிடுவார்.

இன்னொரு பக்கமும் சேதம் நடக்கிறது. ஒரு வகையைச் சேர்ந்த தங்கப் படிவங்களின் அளவையும் தரத்தையும் தொகுத்து வளைகோடு வரைந்து, இன்னும் கண்டுபிடிக்கப்படாதது எவ்வளவு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கார்லின் வளைகோட்டில் ஊடுருவல் விளிம்புப் படிவங்களையும் மடிப்புக் காலப் படிவங்களையும் கலந்துவிட்டால் அந்தக் கோடு எதற்கும் உதவாது. 'கார்லின் போன்ற' என்ற சொல்லை முதலீட்டாளருக்கான அறிவிப்புகளில் தூவுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அறிக்கை எழுதுகிற நண்பர்களிடம் நான் கேட்பது இவைதான். வகையின் பெயருக்குப் பக்கத்தில், அந்தப் பெயரை வைக்கக் காரணமான பைரைட்டின் ஒரு படத்தையாவது போடுங்கள், அளவுகோலோடு. கார்பனேட் போயிருக்கிறதா வந்திருக்கிறதா என்று ஒரு வரி. வெள்ளி–தங்கம் விகிதம். பாதரசத்தை எந்த முறையில் அளந்தீர்கள் என்று அடிக்குறிப்பு. நெருப்பு அஸேயும் சயனைடு முடிவும் ஒரே அட்டவணையில். இவ்வளவும் இருந்தால், வகையின் பெயரை நீங்கள் வைத்ததோடு நான் ஒத்துப்போகாவிட்டாலும், அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு துளை போட என்னால் முடியும்.